ஏவாரி தராசில் ஏறிய சிலிண்டர்

சரக்குக் கிட்டங்கிக்குள் மிளகாய் வத்தல் நெடி. நின்றவர்களில் தும்மாத ஆளே கிடையாது. நடுவில் இரும்புப் பலகை போட்ட கம்ப்யூட்டர் தராசு. அதன் மேல் ஒரு கேஸ் சிலிண்டர். எங்கள் தெருப் பேச்சியம்மா வீட்டுக்கு அன்று காலையில்தான் வந்து இறங்கியது. தலையில் சீல்கூடக் கலையவில்லை.

சிவப்பு எண்கள் கொஞ்ச நேரம் துடித்துவிட்டு நின்றன. இருபத்தேழு புள்ளி எட்டு.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க” என்றார் ஏவாரி அண்ணாச்சி. எங்கள் பக்கத்தில் விளைகிற உளுந்து, பாசிப்பயறு, பருத்தி, வத்தல் எல்லாவற்றையும் வாங்கி விருதுநகருக்கு ஏற்றி அனுப்புகிற வியாபாரி. பெயர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டார்கள், ஏவாரி என்றால் அவர்தான். கிட்டங்கியும் அவருடையது, தராசும் அவருடையது.

“சிலிண்டர் கழுத்துல என்ன அடிச்சிருக்கு? காலி எடை பதினஞ்சு புள்ளி நாலு. உள்ள கேஸ் பதினாலு புள்ளி ரெண்டு இருக்கணும். ரெண்டையும் கூட்டுங்க. இருபத்தொம்பதரைக்கு மேல வரணும். வந்துருக்கா?”

வரவில்லை. கிட்டத்தட்ட இரண்டு கிலோ குறைந்தது. எல்லாத் தலைகளும் எசக்கி பக்கம் திரும்பின.

எசக்கி கோவில்பட்டியிலிருந்து லோடு ஆட்டோவில் எங்களுக்கு சிலிண்டர் கொண்டுவந்து போடுகிறவன். முப்பது வயதைத் தாண்டியிருப்பான். அன்று அவன் கையில் ஒரு கொக்கித் தராசு தொங்கிக்கொண்டிருந்தது, ஏஜென்சியில் கொடுத்தது. சற்று முன்னால்தான் இதே சிலிண்டரை அதில் மாட்டித் தூக்கிக் காட்டியிருந்தான். அதில் எடை சரியாக இருந்தது. “ஏஜென்சி தராசு ஏஜென்சிக்குச் சாதகமாத்தான பேசும்” என்று பேச்சியம்மா தள்ளிவிட்டாள்.

“நான் காலையிலயே ஏஜென்சிக்கு போன் போட்டுட்டேன்” என்றார் ஏவாரி. “மேனேசர் சாயங்காலம் வாரேன்னு சொல்லிருக்காரு. எடை குறைஞ்சா இன்னையோட ஆளை நிப்பாட்டிருவோம்னும் சொல்லிட்டாரு.”

எசக்கி வாயைத் திறந்தான். தும்மல்தான் வந்தது.

என் சந்தேகம்

நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். எசக்கியை நான் நம்பினேனா என்று கேட்டால், இல்லை. ஏவாரியை நம்பினேனா என்றால் அதுவும் இல்லை. எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். லாரியிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு அரிசி மூட்டையையும், பருப்பு மூட்டையையும், இறக்குகிறவர்கள் முணுமுணுக்க முணுமுணுக்க, எடை போட்டுத்தான் உள்ளே விடுவேன். ஊரில் எல்லோருக்கும் நான் டீச்சர். முதுகுக்குப் பின்னால் வேறு பெயரும் உண்டு. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர். பசுவந்தனை ரோட்டில் எங்களுக்கு இருக்கிற கரிசல் காட்டில் உளுந்து போடுவார். மூட்டையைக் கொண்டுபோய் ஏவாரி தராசில் ஏற்றிவிட்டு, எண்ணைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். “சாக்குக்கு ஒரு கிலோ கழிவு, தூசிக்கு ஒரு கிலோ கழிவு” என்று ஏவாரி சொன்னால், “சரி அண்ணாச்சி” என்பார். சாக்கு ஒரு கிலோ இருக்குமா என்று நான் கேட்டால், “ஒனக்குச் சந்தேகம் பாலோட ஊட்டுனதுட்டி” என்பார்.

பருத்திமாரும் மானியமும்

ஒரு காலத்தில் எங்கள் ஊரில் எரிபொருளுக்குக் காசு கொடுத்தவர்கள் கிடையாது. பருத்தி எடுத்து முடிந்ததும் காய்ந்த செடியைப் பிடுங்கிக் கட்டுக்கட்டாக வீட்டுக்குப் பின்னால் அடுக்குவோம். அதுதான் பருத்திமார். பொசுக்கென்று பிடிக்கும், பொசுக்கென்று அணையும். அடுப்பு முன்னால் இருந்து நகர முடியாது. சோறு பொங்கி முடிக்கும்போது கண் மிளகாய்ப் பழமாக இருக்கும். நின்று எரிய வேண்டுமென்றால் வேலிக்கருவை வெட்டி வர வேண்டும். முள் குத்தாத கால் இந்த ஊரில் உண்டா என்று தெரியவில்லை.

அதனால் கேஸ் வந்தபோது நாங்கள் அனுபவித்த சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் நாள் பேச்சியம்மா அடுப்பை ஏற்றுவதும் அணைப்பதுமாக இருந்தாள். புகையே இல்லாமல் பால் பொங்குவதை வீட்டில் எல்லோரும் நின்று பார்த்தார்கள்.

சந்தோஷப்பட்டேன், ஆனாலும் இவ்வளவு சுலபமாக ஒருவர் நமக்கு ஒன்றைப் பழக்கிவிட்டால் பின்னால் ஏதோ இருக்கும் என்று அப்போதே எனக்குள் ஒரு குறுகுறுப்பு இருந்தது. மானியத்தைக் கழித்துக்கொண்டு குறைந்த விலைக்குத் தந்தார்கள். பிறகு முழு விலையையும் கொடுங்கள், மானியம் பேங்கில் வந்து விழும் என்றார்கள். விழுந்தது. பிறகு சொட்டியது. பிறகு ஒரு நாள் போனில் குறுஞ்செய்தி வரவில்லை. யாரும் வந்து நிறுத்திவிட்டோம் என்று சொல்லவும் இல்லை. வீட்டுக்காரர் பேங்கில் போய்க் கேட்டார். ஏஜென்சியில் கேளுங்கள் என்றார்கள். ஏஜென்சியில் பேங்கில் கேளுங்கள் என்றார்கள். அவர் அதையும் நம்பிக்கொண்டு இரண்டு இடத்துக்கும் மாறிமாறி நடந்தார்.

இதற்குள் பருத்தி போடுவதும் குறைந்துவிட்டது, பாதிக் காட்டில் மக்காச்சோளம். பருத்திமாரும் இல்லாமல் போனது. விலை ஆயிரத்தைத் தாண்டிய வருடம், திரும்பிப் போவதற்கு அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. ‘முள்ளை வெட்டி எடுத்துக்கோங்க, காடு சுத்தமாகும்’ என்று கெஞ்சிக்கொண்டிருந்த காட்டுக்காரர்கள், கேஸ் விலை ஏறியதும் வேலிக்கருவைக்குக் கட்டுக் கணக்கில் விலை சொன்னார்கள். மேலே கேஸ் ஏறினால் கீழே முள்ளும் ஏறும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

டீக்கடைக் கணக்கு

கயத்தாற்றில் பஸ் மாறும்போது நான் வழக்கமாக ஒரு கடையில் டீ குடிப்பேன். கடை சிலிண்டர் விலை ஏறிய மாதம் டீ விலையும் ஏறியது. கேட்டேன். “கேஸ் ஏறிப்போச்சுல்லா டீச்சர்” என்றார் கடைக்காரர். நியாயம்தான். பிறகு ஒரு மாதம் கேஸ் விலை இறங்கியது, செய்தியில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். டீ இறங்கவில்லை. கேட்டேன். “பால் ஏறிப்போச்சு” என்றார். இட்லி, வடை எல்லாம் அந்த ஏற்றத்தோடு ஏறி உட்கார்ந்ததுதான், அப்புறம் இறங்குகிற வழியை மறந்துவிட்டன.

வீட்டு கேஸ் இறங்குவதற்கென்று ஒரு காலம் இருக்கிறது. ஓட்டு கேட்டு ஜீப் வருகிற மாதங்களில் இறங்கும். இது தற்செயல் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார்.

அடுப்படிக் காவல்

விலை ஏறியதில் பணம் போனது ஒரு பக்கம். ஊருக்குள் வந்த சந்தேகம்தான் பெரிய நஷ்டம். என்னைப் போல ஒருத்தி இருந்தால் ஊர் தாங்கும். எல்லோரும் அப்படி ஆனால்?

சிலிண்டர் விலை குறைவாக இருந்தபோது அது எப்போது மாட்டினது, எப்போது தீர்ந்தது என்று யாரும் நாள் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு அடுப்படிச் சுவரிலும் சாக்பீஸில் தேதி எழுதினார்கள். பேச்சியம்மா தன் மருமகள் பால் காய்ச்சும்போது பின்னாலேயே நின்றாள். “ஏட்டி, பொங்கிருச்சுல்லா, அமத்து! இன்னும் என்னத்தப் பாக்க?” என்று அவள் கத்துவது என் வீடு வரைக்கும் கேட்கும். மருமகள் ஒரு நாள் பாலைப் பச்சையாகவே கொண்டுவந்து மாமியார் முன்னால் வைத்தாள். வாசலில் மூன்று கல்லைக் கூட்டி, கிடைத்த சுள்ளியில் வெந்நீர் போட்டுக் குளிப்பது எல்லா வீட்டுக்கும் பழக்கமாயிற்று.

அப்படியும் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தது, அல்லது தீர்ந்ததாகத் தோன்றியது. வீட்டுக்குள் யாரும் திருடவில்லை என்றால் வெளியில்தானே திருட வேண்டும்? வெளியிலிருந்து அடுப்படி வரை வருகிற ஆள் ஒருவன்தான்.

எசக்கி ஊருக்குள் கொண்டுவந்து போடுவதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு வாங்குவான். அது எல்லோருக்கும் ஏற்கெனவே உறுத்தல். அவன் பொண்டாட்டி தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலிக்குப் போகிறாள், அவன் மகள் எப்படி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று ஒருத்தி கேட்டாள். வழியில் மறைவாக நிறுத்தி, குழாய் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வேறு சிலிண்டருக்கு இறக்குகிறானாம். பார்த்தது யார் என்று நான் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பேச்சியம்மா வீட்டில் அவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிலிண்டரை இறக்கி வைத்ததும் அவள் செம்பில் தண்ணீர் கொடுப்பாள், அண்ணாந்து மடமடவென்று குடிப்பான். நல்ல தண்ணீர் வாரத்துக்கு ஒரு முறை வருகிற ஊர் இது. அவள் கொடுக்கிற தண்ணீருக்கு மரியாதை உண்டு. அந்தப் பங்குனி மாதக் காலையில் அவன் சிலிண்டரை இறக்கிவிட்டுச் செம்புக்குக் கை நீட்டியபோது, “தண்ணி இருக்கட்டும்லே. மொதல்ல எடையப் பாத்துருவோம்” என்றாள் அவள்.

அப்படித்தான் ஊர் திரண்டது. அப்போதுதான் ஏவாரி அண்ணாச்சி பெரிய மனசு வைத்து, “நம்ம கம்ப்யூட்டர் தராசு எதுக்கு இருக்கு? தூக்கிட்டு வாங்க, உண்மை வெளிய வந்துரும்” என்றார்.

மறுபடியும் கிட்டங்கி

உண்மை வெளியே வந்துவிட்டதாகத்தான் எல்லோரும் நினைத்தார்கள். எசக்கி கொக்கித் தராசைக் கீழே வைத்தான்.

“அக்கா, எம் பிள்ளை மேல ஆணையாச் சொல்லுதேன். வண்டியில ஏத்துனத அப்படியே கொண்டாந்து இறக்குதேன். இந்த வேலை போச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்ல.”

என்னைப் பார்த்துத்தான் சொன்னான். நான் இளகிவிடவில்லை, ஆணை போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று மட்டும் உறுத்தியது. ஒரே சிலிண்டர். ஒரு தராசு சரி என்கிறது, ஒரு தராசு குறைவு என்கிறது. இவன் தராசைச் சந்தேகப்பட்ட ஊர், அந்தத் தராசை ஏன் சந்தேகப்படவில்லை?

“ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது” என்றேன்.

“அதான் தெரிஞ்சு போச்சே டீச்சர்” என்றார் ஏவாரி. “இது பத்து ஊரு வெள்ளாமைய நிறுத்த தராசு.”

முந்தின நாள்தான் ஊரில் பிரஷர், சுகர் பார்க்கிற முகாம் நடந்தது. நர்ஸம்மா என்னை எடை மிஷினில் நிற்க வைத்து, “அறுபத்துநாலு இருக்கீங்க, சோத்தைக் குறைங்க” என்று நாலு பேர் முன்னால் ஏசியிருந்தாள். அந்த எண் எனக்கு மறக்குமா? சிலிண்டரை இறக்கச் சொன்னேன். தராசில் சைபர் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நான் ஏறி நின்றேன்.

அறுபது புள்ளி இரண்டு.

“டீச்சர் ஒரே ராத்திரியில மெலிஞ்சுட்டாவ” என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. பேச்சியம்மா என்னை இறக்கிவிட்டு அவளே ஏறினாள். முகாமில் எண்பத்து மூன்று காட்டியதற்காக நர்ஸம்மாவோடு சண்டை போட்டவள் அவள். தராசு எழுபத்தெட்டு என்றது.

“ஐயையோ, நான் அஞ்சு கிலோ இளைச்சுட்டேன்!” என்று கையைத் தட்டினாள். “அந்த நர்ஸு பிள்ளைகிட்ட போயி காட்டணும், இந்தத் தராசைத் தூக்கிட்டு வாங்க!”

முகாமுக்கு வந்திருந்த பெண்கள் வரிசையாக ஏறினார்கள். எல்லோரும் மெலிந்தார்கள். குண்டானவர்கள் அதிகமாக மெலிந்தார்கள், ஒல்லியானவர்கள் கொஞ்சமாக மெலிந்தார்கள். காலியாக இருக்கும்போது சைபர் காட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தது தராசு. ஆள் ஏறினால் தின்றது.

சிரிப்பு எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. என் வீட்டுக்காரர் தராசுப் பக்கத்தில் வந்து நின்றதும் கவனித்தேன். அன்று அவர் வானத்தைப் பார்க்கவில்லை, சிவப்பு எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி, போன மாசம் என் உளுந்து இதுலதான ஏறுச்சு?” என்றார்.

அவ்வளவுதான் கேட்டார். குரலை உயர்த்தவில்லை. எத்தனையோ வருடமாகச் சரி அண்ணாச்சி, சரி அண்ணாச்சி என்று தலையாட்டிய மனுஷன் அவர். அவருக்குப் பின்னால் நின்ற ஆண்கள் ஒவ்வொருவர் முகமும் மாறியது. எல்லோர் வெள்ளாமையும் அந்தப் பலகையில் ஏறி இறங்கியதுதான். பேச்சியம்மாவே அஞ்சு கிலோ குறைகிறாள் என்றால், ஒரு மூட்டை உளுந்து எவ்வளவு குறையும்? அதற்கு மேல் சாக்குக்குக் கழிவு வேறு.

ஏவாரியின் முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அவர் பொய் சொல்லி எங்களைக் கூட்டிவரவில்லை. எசக்கி திருடன் என்று உண்மையாகவே நம்பித்தான் அழைத்தார். அவர் வீட்டு சிலிண்டரும் சீக்கிரம் தீர்ந்ததில் அவருக்கும் வயிற்றெரிச்சல். அந்த எரிச்சலில் தன் தராசு என்ன தராசு என்பதையே மறந்துவிட்டார்.

“வெயிலுக்குத் தராசு... சர்வீசுக்கு விடணும்” என்றார். தும்மினார்.

“அது பொறவு பேசிக்கிடலாம்” என்றேன். “காலையில போன் போட்டது நீங்கதான? இப்பவே இன்னொரு போன் போடுங்க. எல்லாருக்கும் கேக்குத மாதிரி போடுங்க.”

“நாளைக்கு நேர்ல போயி...”

“மேனேசர் சாயங்காலம் வாராரு அண்ணாச்சி.”

போட்டார். ஸ்பீக்கரில் மேனேஜர் குரல் வந்தது. எடையில் தப்பு இல்லை, பையன் மேல் குற்றம் இல்லை என்று ஏவாரி மென்று விழுங்கிச் சொன்னார். அப்புறம் ஏன் குறைந்தது என்று மேனேஜர் கேட்டார். தராசில் கோளாறு என்றார்.

“யாரு தராசு சார்?” என்று கேட்டது போன்.

ஏவாரி எங்களைப் பார்த்தார். நாங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“என் தராசுதான்” என்றார்.

தண்ணீர்

எசக்கி வேலை தப்பியது. கொக்கித் தராசை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

அதன் பிறகு அவன் வந்தால் யாரும் கேட்காமலே ஒவ்வொரு வாசலிலும் சிலிண்டரைக் கொக்கியில் மாட்டித் தூக்கிக் காட்டுவான். எடையைத் தவிர வேறு பேச்சில்லை. இருக்கைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வைத்திருந்தான். பேச்சியம்மா செம்போடு வந்தால், “இருக்கு பெரியம்மா” என்று பாட்டிலைக் காட்டிவிட்டு ஏறி உட்கார்ந்துவிடுவான். அவள் செம்புத் தண்ணீரை வாசலில் நின்ற முருங்கைக்கு ஊற்றிவிட்டு உள்ளே போவாள். மன்னிப்புக் கேட்க அவளுக்குத் தெரியவில்லை. ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. பாட்டில் அவன் வண்டியிலேயே கிடந்தது.

தை பிறந்து உளுந்து அறுப்பு முடிந்தது. ஏவாரியின் தராசை அரசாங்க ஆட்கள் சரிபார்த்து முத்திரை வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். வேறு வியாபாரியிடம் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். கோவில்பட்டி வரை மூட்டையைக் கொண்டுபோக வண்டி வாடகை கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும்? எனவே மறுபடியும் அதே கிட்டங்கி, அதே வத்தல் நெடி.

என் வீட்டுக்காரர் முதல் மூட்டையைத் தூக்கப் போனார். அப்போது வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. எசக்கி இறங்கி, சீல் கலையாத சிலிண்டர் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். யார் வரச் சொன்னது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. பேச்சியம்மா மேல்தான் எனக்குச் சந்தேகம்.

“என்னலே, கேஸ இங்கன கொண்டாந்துருக்க?” என்றார் ஏவாரி.

“மொதல்ல இத நிறுங்க அண்ணாச்சி” என்றான் எசக்கி. “பொறவு உளுந்த ஏத்தட்டும்.”

பலகையில் வைத்தான். எண்கள் துடித்தன. கழுத்தில் அடித்திருந்ததைக் கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. பிறகு உளுந்து ஏறியது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு மூட்டைக்கும் எண்ணைச் சத்தமாகப் படித்தார்.

ஏவாரி அந்த வருடம் கிலோவுக்கு விலையைக் குறைத்துச் சொன்னார். மார்க்கெட் அப்படி என்றார். இருக்கலாம். நான் நம்பவில்லை.

வேலை முடிந்ததும் எசக்கி அதே சிலிண்டரை எங்கள் வீட்டுக்குத் தூக்கி வந்தான். அது எங்கள் பெயரில் பதிவானதுதான். பேச்சியம்மா செம்போடு வாசலில் நின்றாள். செம்பை நீட்டினாள். அவன் வண்டியைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான். பிறகு செம்பை வாங்கி அண்ணாந்து, கழுத்து நனைய நனையக் குடித்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வத்தல் நெடி இன்னும் போகவில்லை என்றாள். வத்தல் கிட்டங்கி அங்கிருந்து நாலு தெரு தள்ளி.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“டீச்சரக்கா, இப்பத்தான் அங்கன நிறுத்தோம். மறுபடியும் நிறுக்கணுமா?”

“நிறு” என்றேன். “கிட்டங்கியில நிறுத்தது அவர் தராசுக்கு. இது எனக்கு.”

அவன் கொக்கியை எடுத்து மாட்டினான்.